உடையாத பிடி

அக்கா விழுந்தது காலை ஒன்பது நாற்பதுக்கு. நிமிஷம் பிசகாமல் சொல்ல முடிகிறது, ஏனென்றால் அந்த நேரம் என் கைப்பேசித் திரையின் மேல்மூலையில் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டியது அவளை.

அந்தத் தீவுக்கு வாரம் ஒரு படகு. கரையிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். ஊரில்லை, கடையில்லை. கிழக்குப் பக்கம் முழுவதும் கருங்கல் செங்குத்து; அதில் கயிறு கட்டி ஏறுவதற்கென்றே வருகிறவர்கள் தங்க ஒரு தகரக் கூரை விடுதி. அதைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் கல்குவாரியில் வெடி வைத்தவர். "அங்க உடைச்ச பாவத்துக்கு இங்க காவல்" என்பார்.

மேஸ்திரியிடம் தடித்த அட்டை போட்ட பதிவேடு ஒன்று உண்டு. பாறையில் உள்ள ஒவ்வொரு பாதைக்கும் அதில் ஒரு பக்கம். ஒரு பாதையை விழாமல் முதலில் ஏறி முடிப்பவர் அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். எப்படி ஏறினார், எந்தப் பிடியை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தன் கையால் எழுத வேண்டும். யாரும் சரிபார்ப்பதில்லை. எழுதியதை நம்பித்தான் அடுத்தவர் ஏறுவார்.

பதிவேட்டின் பதினேழாம் பக்கத்தில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்தப் பாதைக்காக அக்கா மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தாள். அவள் பல் டாக்டர். வருஷத்தில் ஐம்பது வாரம் பிறர் வாய்க்குள் குனிந்திருப்பவள், மீதி இரண்டு வாரம் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பாள். நான் லிஃப்ட் பராமரிப்பவன். பதினொரு கட்டடங்களின் பிரேக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அவளுக்குக் கயிறு பிடிக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவள் கணவரும்தான் சொல்வார். மச்சான் அவளை அந்தப் பாறைக்கு அனுப்பியதே, கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்கிறது என்பதால்.

கயிறு பிடிப்பது கடினமான வேலை இல்லை. இடுப்புப்பட்டையில் ஒரு சிறு உலோகத் துண்டு தொங்கும். கயிறு அதற்குள் வளைந்து மேலே போகும்; ஏறுகிறவர் அதைப் பாறையில் பதித்த கொக்கிகளில் மாட்டிக்கொண்டே போவார். மேலே ஏறுகிறவர் விழுந்தால், கீழே வரும் கயிற்றை வலது கையால் பிடித்திருந்தால் போதும், அது இறுகி நின்றுவிடும். விழுவது சகஜம். அந்தப் பாதையில் மட்டும் அக்கா நாற்பது தடவைக்கு மேல் விழுந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் என் கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டு, தன்னைத் தானே திட்டிக்கொள்வாள். விதி ஒன்றே ஒன்று. வலது கை கயிற்றை விடக்கூடாது.

அந்தத் தீவில் கைப்பேசிக்கு அலை கிடைக்கும் இடமும் ஒன்றே ஒன்று. பதினேழாம் பாதையின் அடி. நான் கயிறு பிடித்து நிற்கும் அதே தட்டைப் பாறை.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. நாலு நாளாக வேறு பாதைகளில் ஏறியதால் அது ஊமையாக இருந்தது. வேலை இடத்தில் ஏதோ லிஃப்ட் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்; அப்படி நினைத்ததாகப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா என்பது இன்றும் தெளிவாக இல்லை. இடது கையால் எடுக்க முயன்றேன். பையின் பொத்தான் வரவில்லை. வலது கையால் எடுத்தேன். பெரியப்பா குடும்பக் குழுவில் ஒரு ரோஜாப்பூப் படம் போட்டு 'இனிய காலை வணக்கம்' என்று எழுதியிருந்தார்.

மேலே "ஐயோ" என்று கேட்டது. பயந்த குரல் இல்லை. பேருந்தைத் தவறவிட்டவள் சொல்வது போன்ற ஒரு "ஐயோ". வழக்கமாக விழும்போது அவள் சொல்வது. கயிறு என் இடுப்பிலிருந்து பாம்பு மாதிரி ஓடியது. பாய்ந்து பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது, கயிறு நிற்கவில்லை, பிறகு நின்றது. அதற்குள் அவள் தரைக்கு ஓராள் உயரம் மேலே இருந்த திட்டில் மோதிவிட்டாள்.

வலது கணுக்கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

நான் அவளை இறக்கிக் கிடத்தினேன். அவள் கண்ணை மூடி மூச்சை எண்ணினாள். சத்தம் கேட்டு மேஸ்திரி பாறைச் சரிவில் ஓடிவந்தார். எழுபதை நெருங்குகிறவர், மூச்சிரைத்தது.

"என்ன ஆச்சு, டாக்டரம்மா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பிடி உடைஞ்சு போச்சு, மேஸ்திரி. அந்தக் காது. கொக்கியில மாட்ட கயிற நிறைய இழுத்து வெச்சிருந்தேன். அதான் இவ்வளவு தூரம் வந்துட்டேன். தம்பி மேல தப்பில்ல."

காது என்பது பாதையின் நடுவில் பாறையிலிருந்து மடல் போல் நீண்டிருக்கும் ஒரு பிடி. உள்ளங்கை அகலம். அதைப் பிடித்து எழும்பினால்தான் மேல் விளிம்பை எட்ட முடியும். அதை விட்டால் அந்தச் சுவரில் வேறு வழியில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன். எரிந்த கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். கைப்பேசி அங்கே இருந்தது.

மேஸ்திரி இரண்டு பலகைத் துண்டும் கிழிந்த படுக்கை விரிப்பும் வைத்துக் காலைக் கட்டினார். "குவாரியில நூறு கால் கட்டியிருக்கேன். யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல" என்றார். "வர முடியலையோ என்னவோ" என்றாள் அக்கா. வலியிலும் அவளுக்குப் பேச்சு நிற்காது.

விடுதியில் கம்பியில்லா ரேடியோ ஒன்று உண்டு. மேஸ்திரி துறைமுகத்தைக் கூப்பிட்டார். கடல் மோசம், மறுநாள் மாலை நாலு மணிக்கு வரும் வழக்கமான படகில்தான் ஏற்ற முடியும் என்றார்கள். வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொன்னார் மேஸ்திரி. "பிடி உடைஞ்சு விழுந்திருக்காங்க. கூட இருந்த தம்பி சமாளிச்சுப் பத்திரமா இறக்கிட்டார்னு சொல்லுங்க." நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

சாயங்காலம், விட்டுவந்த சாமான்களை எடுக்கப் பாறையடிக்குப் போனேன். தட்டைப் பாறையில் கால் வைத்ததும் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. அம்மா எழுதியிருந்தாள்: 'நல்லவேளை நீ கூட இருந்தாய்.' மச்சான் எழுதியிருந்தார்: 'மாப்ளே, கயிறு உன் கையில இருந்ததால பொழச்சா. வேற எவன் கையிலயாவது இருந்திருந்தா? நினைக்கவே பயமா இருக்கு.' பெரியப்பா கும்பிடும் கை நாலு போட்டிருந்தார்.

அண்ணாந்து பார்த்தேன். காது அதன் இடத்தில் இருந்தது. பிடி வழுக்காமலிருக்க அக்கா கையில் பூசிக்கொள்ளும் சுண்ணப்பொடி அதில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

இரவு உணவுக்கு மேசையில் நானும் மேஸ்திரியும்தான். அக்கா மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டாள். நான் கரண்டியை இடது கையில் பிடித்துக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து வரைக்கும் வலது கையில சாப்பிட்டீங்க, லிஃப்ட்காரரே."

"கை சுளுக்கு."

"ம்." அவர் உப்பை என் பக்கம் நகர்த்தினார். "நாளைக்குப் பத்து மணிக்கு நான் மேலேருந்து கயிறு போட்டு அந்த இடத்தப் பாக்கப் போறேன். நாளைக்குப் படகுல எட்டுப் பேர் வராங்க. காது உடைஞ்சிருந்தா சுத்தியுள்ளதும் ஆடும். பாக்காம யாரையும் ஏத்த முடியாது." கொஞ்ச நேரம் மென்றார். "எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கு. இந்தக் கல்லு சும்மா தொங்கினா உடையும்னா, நான் முப்பது வருஷம் வெடி வெச்சுக் காது மந்தமாகியிருக்க வேண்டாம். ஆனா சொல்ல முடியாது. உள்ள விரிசல் இருந்தா யாருக்குத் தெரியும்? உடைஞ்ச இடத்தப் பாத்தா தெரிஞ்சிடும். கருங்கல்லோட புதுக் காயம் சீனிக் கட்டி மாதிரி மினுக்கும். மறைக்கவே முடியாது."

அன்று நான் தூங்கவில்லை. பொய் அக்காவுடையது, ஆனால் அவள் யாருக்காகச் சொன்னாள்? பத்து மணிக்கு மேஸ்திரி உடையாத காதைப் பார்ப்பார். அக்கா ஏன் பொய் சொன்னாள் என்று கேட்பார். பிறகு என் கையைக் காட்டச் சொல்வார். அதற்குப் பிறகு யாரும் என் கையில் கயிறு தரமாட்டார்கள். மச்சான் தரமாட்டார், அந்த எட்டுப் பேர் தரமாட்டார்கள், செய்தி படகில் ஏறிக் கரைக்குப் போனால் என் வேலை இடத்தில்கூட என் கையெழுத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பார்கள். இதெல்லாம் யோசித்தேன். அக்காவின் காலைப் பற்றி ஒரு தடவைகூட யோசிக்கவில்லை என்பது காலையில்தான் உறைத்தது. அப்போது என் கையில் சுத்தியல் இருந்தது.

மேஸ்திரியின் சாமான் அறை பூட்டப்படுவதில்லை. சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. இரண்டு கிலோ சுத்தியலை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் வந்ததும் பாறையின் உச்சிக்குப் போனேன். அங்கே பதித்திருந்த இரும்பு வளையங்களில் கயிறு கட்டி இறங்கினேன். லிஃப்ட் குழிக்குள் தொங்கிப் பழகியவனுக்கு அது பெரிய காரியமில்லை. கையுறைக்குள் உள்ளங்கை வெந்தது. வெள்ளைப் பறவைகள் என்னைச் சுற்றிக் கத்தின.

காதைப் பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூன்று வருஷமாகக் கீழே நின்றே பார்த்தது. அதன் உள்பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. நாலு விரல் பதியும் நாலு மெல்லிய பள்ளம். மேல் ஓரத்தில் மஞ்சள் பாசி, அதன் ஒரு மூலை மட்டும் கவனமாகத் துலக்கப்பட்டிருந்தது. பல் துலக்கும் பிரஷால் அவள் துலக்குவதை நான் கீழிருந்து கிண்டல் செய்திருக்கிறேன். "நோயாளி வாய கொப்பளிச்சாச்சா?" என்று கேட்பேன்.

பாறை ஏறுகிறவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. பாறை எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற வேண்டும்; முடியாவிட்டால் இறங்கிப் போக வேண்டும். செதுக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. திருடனைக்கூட மன்னிப்பார்கள், உளி எடுத்தவனை மேசையில் சேர்க்கமாட்டார்கள்.

முதல் அடியில் சுத்தியல்தான் துள்ளியது. இரண்டாவதில் கல் மாவு கண்ணில் தெறித்தது. மேஸ்திரி சொன்னது சரி, அந்தக் கல் தொங்கினால் உடையும் கல் இல்லை. பதினோராவது அடியில் காது வேரோடு கழன்று விழுந்தது. விழுந்த சத்தம் வருவதற்கு வெகுநேரம் ஆனது போலிருந்தது. உடைந்த இடம் விடிகாலை வெயிலில் மினுக்கியது.

சுத்தியலைத் துடைத்து அதன் ஆணியில் மாட்டினேன். எட்டு மணிக்கு அக்காவுக்குத் தேநீர் கொண்டுபோனேன்.

அவள் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் கண்ணில் ஒரு குஷி.

"கதவச் சாத்து" என்றாள். "ஏன் பொய் சொன்னேன்னு கேக்கப் போற. கேக்காத. அந்த நேரத்துல உன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். சின்ன வயசுல கண்ணாடி ஜாடிய உடைச்சிட்டு நின்னியே, அதே மூஞ்சி. எனக்கு வாய் தானா வந்துடுச்சு. அப்புறம், உங்க மச்சானுக்குத் தெரிஞ்சா நான் இனிமே வீட்டு மாடிப்படி தவிர எதுவும் ஏற முடியாது. உன் கை எப்படி விட்டுச்சு, பறவை ஏதாவது மூஞ்சிக்கு நேரா வந்துச்சா?"

"ம்" என்றேன்.

"வரும். சனியனுங்க." தேநீரை உறிஞ்சினாள். "கால் சரியாக ஆறு மாசம். அடுத்த வருஷம் வரோம். மேஸ்திரிகிட்ட, அப்போ பதட்டத்துல தப்பா சொல்லிட்டேன், கால்தான் வழுக்கிச்சு, காது பத்திரமா இருக்குன்னு சொல்லிக்கலாம். டேய், நேத்து பாத்தியா? நான் காதத் தாண்டிட்டேன். மேல் விளிம்பு கையில வந்துடுச்சு. மூணு வருஷத்துல முதல் தடவை. இன்னும் அரை வினாடி பிடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். இப்போ எனக்குத் தெரியும், அது முடியும். பேர்கூட வெச்சிருக்கேன், சொல்ல மாட்டேன். பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"அருமையா இருந்துச்சு. வலது கை அப்படியே நீண்டு போய்..."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். தேநீர் இன்னும் பாதி இருந்தது.

"இடது கை" என்றாள்.

ஜன்னல் தகரம் காற்றில் தட்டியது. அவள் என்னைத் திட்டவில்லை. பல்லில் எங்கே சொத்தை என்று தேடுகிறவள் மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க பாத்துட்டிருந்த?"

நான் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. மேஸ்திரி. பத்து மணி வரை காத்திருக்கவில்லை போலிருக்கிறது. காலணியெல்லாம் ஈரம், கையில் கோணிச் சாக்குத் துண்டில் சுற்றிய ஏதோ கனமான பொருள். அதைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துப் பிரித்தார்.

காது ஒரே துண்டாகக் கிடைத்திருந்தது.

அக்கா கை நீட்டி அதை மடியில் இழுத்துக்கொண்டாள். பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, விரல்களை உள்பக்கப் பள்ளங்களில் வைத்தாள். நாலு விரலும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

"பாறையடியில கிடந்துச்சு" என்றார் மேஸ்திரி. "நேத்து நான் அதே இடத்துல உக்காந்துதான் உங்க காலக் கட்டினேன். அப்போ இல்ல." கல்லின் வேர்ப்பக்கத்தைச் சுட்டினார். வெள்ளையாக நொறுங்கிய வட்டங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. "இத நான் ஆயிரம் தடவை பாத்திருக்கேன், டாக்டரம்மா. சுத்தியல் முத்தம்னு சொல்லுவோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை. "சுத்தியலத் துடைச்சு மாட்டியிருக்கீங்க, லிஃப்ட்காரரே. நான் முப்பது வருஷத்துல அதத் துடைச்சதே இல்ல."

அக்கா இப்போதுதான் கல்லைப் பார்த்தாள். அவள் துலக்கிய மூலை அப்படியே இருந்தது.

"எப்போ?" என்றாள்.

"காலைல."

"எனக்காகவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். 'உன் பொய்யைக் காப்பாத்தத்தான்' என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கொஞ்சம் உண்மை போலவும் இருந்திருக்கும்.

"இல்ல" என்றேன். "எனக்காக." சட்டைப்பையிலிருந்து வலது கையை எடுத்து விரித்துக் காட்டினேன். குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குத் தோல் போயிருந்தது. "போன் பாத்துட்டிருந்தேன்."

"யாரு போன்?"

"பெரியப்பா. காலை வணக்கம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தாள், சிரிப்பில் கால் அசைந்து வலியில் முகம் சுருங்கியது, அப்படியே அழுகையாகிவிட்டது. மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"ஒட்ட முடியாதா?" என்று அவரைக் கேட்டேன். என்ன கேட்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"பல் பிடுங்கினவன் கேக்கற கேள்வி" என்றாள் அக்கா, அவருக்கு முன்னால். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கால் ஆறு மாசத்துல கூடிடும்டா. நீ கை விட்டத நான் நேத்தே விட்டுட்டேன். இது?" கல்லை என்னிடம் தரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து, பதினேழாம் பக்கத்தைப் பிரித்து, பேனாவோடு மேசையில் வைத்தார். "நாலு மணிக்கு எட்டுப் பேர் இறங்குவாங்க. முதல்ல இதத்தான் படிப்பாங்க" என்றார். பிறகு ரேடியோ அறைக்குப் போய்விட்டார்.

வலது கையால்தான் எழுத வரும். பேனா எரிந்த இடத்திலேயே அழுந்தியது. நேற்றைய தேதி போட்டேன். 'பிடி உடையவில்லை. கயிறு பிடித்தவன் கையை எடுத்தான்.' இன்றைய தேதி போட்டேன். 'காது என்ற பிடி சுத்தியலால் உடைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் பார்த்தேன். யாரோ செய்தது போலிருந்தது. அடித்துவிட்டு, 'உடைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினொரு கட்டடங்களில் போடும் அதே கையெழுத்து.

"படி" என்றாள் அக்கா. படித்தேன்.

"இப்போ உங்க மச்சானுக்குப் போன் பண்ணு. நான் கரைக்குப் போய்ச் சேருறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியணும். அவர் துறைமுகத்துல வந்து நின்னு உன்னக் கட்டிப் பிடிச்சு நன்றி சொல்றத என்னால பாக்க முடியாது."

"ரேடியோவுல..."

"துறைமுகம் பூரா கேக்கவா? போன்ல. உனக்குத்தான் இடம் தெரியுமே."

நடந்து போனேன். தட்டைப் பாறையில் சுண்ணப்பொடி சிந்தியிருந்தது, பக்கத்தில் கருங்கல் சில்லுகள். மேலே, மூன்று வருஷமாக நான் அண்ணாந்து பார்த்த இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு. கடலிலிருந்து வரும் படகுக்குக்கூடத் தெரியும் போலிருந்தது.

அலை வந்ததும் கைப்பேசி அதிர்ந்தது. எதையும் திறக்கவில்லை. இடது கையால் பிடித்து அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மாப்ளே! சொல்லு, எப்படி இருக்கா? தூங்கினாளா? நீ தூங்கினியா? உங்க அம்மா நேத்துலேருந்து உன் புராணம்தான். நானும் சொல்லிட்டேன், அவன் மட்டும் இல்லன்னா..."

"மச்சான்."

"என்ன? குரல் ஒரு மாதிரி இருக்கு? அவளுக்கு ஒண்ணுமில்லையே?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. பிடி உடையல, மச்சான்."

மறுமுனையில் அவருடைய மருந்துக்கடையின் சத்தம் கேட்டது. யாரோ சில்லறை கேட்டார்கள், ஒரு மேசை இழுப்பறை மூடப்பட்டது. பிறகு அவர் கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் நின்றுவிட்டது. அலை போய்விட்டதோ என்று கைப்பேசியைப் பார்த்தேன். போகவில்லை. அந்த இடத்தில் அது போவதே இல்லை.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது" என்றார் மச்சான். "மேல சொல்லு."